முதல் பவளப்பாறைத் தொட்டி: கேள்வி பதில்

வீட்டில் முதன்முறையாகக் கடல்நீர்த் தொட்டி அமைத்துப் பவளம் வளர்க்க விரும்புவோரின் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நீரின் வேதியியல், பாறை, பவளம், பாசி ஆகியவை நான் பல ஆண்டுகளாகக் கையாண்டுவருபவை. அவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியும். கேட்பவர்கள் தொட்டியின் கொள்ளளவையும் நீரின் உப்பளவையும் தவறாமல் குறிப்பிட வேண்டுகிறேன். அவ்விரண்டும் தெரியாமல் சொல்லப்படும் அறிவுரை பெரும்பாலும் ஊகமாகவே முடியும்.

கேள்வி: முதல் முயற்சி என்பதால் 40 லிட்டர் தொட்டியில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். சிறியது எளிதுதானே?

பதில்: இல்லை. தொட்டி சிறியதாகச் சிறியதாகத் தவறுக்கான இடமும் சுருங்கிவிடுகிறது. ஒரு நத்தை இறந்து அழுகினால், 200 லிட்டரில் அது பெரிதாகத் தெரியாது. 40 லிட்டரில் மறுநாள் காலைக்குள் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். இடமிருந்தால் 150 முதல் 200 லிட்டர் வரையிலான தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். நீர், பாறை, மணல், கண்ணாடி, தாங்கி எல்லாம் சேர்ந்து 200 லிட்டர் தொட்டி ஏறத்தாழ 300 கிலோ வரும் என்பதால், அது நிற்கப்போகும் தரையை முதலில் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் குடிநீருக்காக வைத்திருக்கும் சுத்திகரிப்புக் கருவியின் நீரில் உப்பைக் கலக்கலாமா?

பதில்: அந்த நீரை, கரைந்திருக்கும் தாதுக்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் அளந்து பாருங்கள். பூச்சியம் காட்டாவிட்டால் பயன்படுத்தாதீர்கள். குடிநீர்க் கருவிகள் பலவற்றில் சுவைக்காகத் தாதுக்களை மீண்டும் சேர்க்கும் குழல் இருக்கும். பவளத் தொட்டிக்குத் தேவையானது ஆர்.ஓ. சவ்வுக்குப் பின் அயனி நீக்கும் பிசினையும் கடந்துவந்த நீர். குழாய்நீரில் இருக்கக்கூடிய குளோரமின், சிலிக்கேட், பாஸ்பேட், தாமிரம் ஆகியவற்றில் முதலாவது மீனின் செவுள்களைத் தாக்கும், அடுத்த இரண்டும் பாசிக்கு உணவாகும், கடைசியானது மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொல்லும்.

உப்பைத் தனி வாளியில், நீரை 25 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொண்டுவந்து, பம்பு ஓடும்போது சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். உயிர்கள் இருக்கும் தொட்டியில் உப்பை நேரடியாகக் கொட்டக் கூடாது. இலக்கு ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.026.

அளக்கும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. என் முதல் தொட்டியில் ஒப்படர்த்தியைக் காட்டும், முள் மிதக்கும் நெகிழி ஹைட்ரோமீட்டரைத்தான் வைத்திருந்தேன். அது நாள்தோறும் 1.025 காட்டியது, பவளங்களோ மூன்று வாரங்களாக வாய் திறக்கவேயில்லை. ஒரு நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான், முள்ளின் அடியில் கடுகளவு காற்றுக் குமிழிகள் நான்கைந்து ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கி நிறுத்தியிருந்தது தெரிந்தது. தட்டிவிட்டதும் முள் 1.020-க்கு இறங்கியது. அன்றிலிருந்து, ஒளி விலகலைக் கொண்டு உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரையே பயன்படுத்துகிறேன். அதையும் 35 பங்கு அளவுத் திரவத்தைக் கொண்டு மாதம் ஒருமுறை சரிபார்க்கிறேன்.

கேள்வி: 200 லிட்டர் தொட்டியில் தினமும் 2 லிட்டர் நீர் குறைகிறது. உப்பு நீர் கலந்து நிரப்பிவருகிறேன். உப்பளவு ஏறிக்கொண்டே போகிறது. உப்பு மட்டமானதா?

பதில்: உப்பில் குறையில்லை. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. கணக்கைப் பாருங்கள். 200 லிட்டரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஏறத்தாழ 7 கிலோ உப்பு இருக்கிறது. தினம் 2 லிட்டர் வீதம் 30 நாளில் 60 லிட்டர் உப்பு நீரை ஊற்றினால், கூடுதலாக 2.1 கிலோ உப்பு சேர்கிறது. நீரின் அளவு அதே 200 லிட்டர்தான். உப்பளவோ 45 பங்கைத் தாண்டிவிடும். தொட்டியில் வளர்க்கும் பவளங்கள் பெரும்பாலும் அதைத் தாங்கா.

ஆவியான நீரை உப்பில்லாத தூய நீரால் மட்டுமே ஈடுசெய்ய வேண்டும். இந்த ஒரு விதியை மறந்ததால் அழிந்த தொட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது ஏறிவிட்ட உப்பளவை ஒரே நாளில் இறக்காதீர்கள்; நாளொன்றுக்கு ஒரு பங்கு வீதம் குறைத்துவாருங்கள்.

கேள்வி: ஒருவர் தன் பழைய தொட்டியின் பாறைகளைக் கொடுத்தார். மேலே காய்ந்துபோன பட்டன் போன்ற உயிரிகள் ஒட்டியிருக்கின்றன. கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள்.

பதில்: கொதிக்கவைக்காதீர்கள். வேறு எந்தப் பதிலைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள். பட்டன் போன்றவை பெரும்பாலும், பவளத்துக்கு உறவான சோவாந்திட் வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் பாலித்தோவா இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் நஞ்சு இருக்கிறது. 1971-இல் ஹவாயில் மூர், ஷோயர் என்னும் வேதியியலாளர்கள் அதைப் பிரித்தெடுத்து விவரித்தார்கள். இயற்கையில் கிடைக்கும் கொடிய நஞ்சுகளில் ஒன்று அது. வெப்பத்தால் எளிதில் சிதையாது. பாறையைக் கொதிக்கவைக்கும்போது நீராவியோடு கலந்து வீடு முழுவதும் பரவும். மூச்சுத்திணறலும் காய்ச்சலுமாகக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் உண்டு. வெந்நீரை ஊற்றுவது, உலர்ந்த பாறையைத் தூரிகையால் தேய்ப்பது, அழுத்தக் குழாயால் பீய்ச்சுவது ஆகியவையும் அதே ஆபத்தைத் தரும்.

பட்டன் உயிரிகள் ஒட்டிய பாறைகளை, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஈரமாக்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிடுங்கள். ஒரு பாறையின் மதிப்பு உங்கள் நுரையீரலுக்கு ஈடாகாது. மற்றப் பாறைகளை மூடிய வாளியில், திறந்தவெளியில், நீர்த்த பிளீச்சில் ஊறவைத்துப் பலமுறை அலசி வெயிலில் முற்றும் காயவிடலாம். பிளீச்சோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

கேள்வி: தொட்டியைப் பதப்படுத்த ஒரு டாம்சல் மீனை முதலில் விடச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் பாக்டீரியா பெருகும் என்பது உண்மை. ஆனால் அதுவரை அந்த மீன் தன் கழிவிலேயே செவுள் வெந்து வாழ வேண்டும். கடல்நீரின் கார அமிலக் குறியீடு 8-க்கு மேல் இருப்பதால், அம்மோனியாவின் நச்சுத்தன்மை நன்னீரில் இருப்பதைவிடக் கூடுதல். இதற்குத் தேவையே இல்லை.

பாறையையும் மணலையும் இட்டு, பம்பையும் ஹீட்டரையும் ஓடவிட்டு, தூய அம்மோனியாவை 2 பி.பி.எம். (பத்து இலட்சத்துக்கு 2 பங்கு) அளவுக்குச் சேருங்கள். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரைட் உச்சத்துக்கு ஏறும்போது பலர் பதறுகிறார்கள். கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு அது செவுள் வழியே நுழைவதைத் தடுத்துவிடுவதால், நன்னீரில் போல அது மீன்களைக் கொல்வதில்லை. இரண்டாம் கட்டம் இன்னும் முடியவில்லை என்பதற்கான அடையாளமாகவே அதைக் கொள்ளுங்கள். சேர்த்த 2 பி.பி.எம். அம்மோனியா 24 மணி நேரத்தில் பூச்சியமாகி, நைட்ரைட்டும் பூச்சியமானால் தொட்டி ஆயத்தம். வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

கடலிலிருந்து வந்த உயிர்ப்பாறையை இட்டிருந்தால், விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துக் கைவிளக்கோடு போய்ப் பாருங்கள். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி நகரும், அவை கோபிபாடுகள் என்னும் நுண்ணிய ஓட்டுடலிகள். பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த தொட்டி, அந்த நேரத்தில் உயிர்களால் நிரம்பியிருக்கும். நான் இன்றும் ஒவ்வொரு புதுத் தொட்டியிலும் அந்த முதல் இரவுக்காகக் காத்திருக்கிறேன்.

கேள்வி: கோமாளி மீனை எப்போது விடலாம்?

பதில்: மேலே சொன்ன சோதனை தேறிய பிறகு. தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட இணையாக வாங்குங்கள்.

கேள்வி: இரண்டு வாரம் ஆகிவிட்டது. கோமாளி மீனை விடலாமா?

பதில்: வாரக் கணக்கு போதாது. அம்மோனியா அளவு என்ன, நைட்ரைட் அளவு என்ன?

கேள்வி: பாக்டீரியா புட்டி ஊற்றினால் முதல் நாளே கோமாளி மீனை விடலாமாமே?

பதில்: இதற்கான பதிலை மூன்று முறை எழுதிவிட்டேன். புட்டி காலத்தைக் குறைக்கலாம். சோதனையைத் தவிர்க்க உதவாது.

கேள்வி: ஐந்தாவது வாரம் மணல்மீது பழுப்புத் தூசு படிந்திருக்கிறது. மருந்து இருக்கிறதா?

பதில்: டயாட்டம் என்னும் நுண்பாசி. சிலிக்கேட் தீர்ந்ததும் தானே போகும். மருந்து வேண்டாம்.

கேள்வி: 180 லிட்டர், உப்பளவு 35. பாஸ்பேட் உறிஞ்சியும் பெரிய ஸ்கிம்மரும் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) வைத்து நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆனாலும் பழுப்பு நிறச் சளி நூல்நூலாகத் தொங்குகிறது, நத்தைகள் இறக்கின்றன.

பதில்: அளவுகளைச் சேர்த்துக் கேட்டதற்கு நன்றி. நூலின் நுனியில் காற்றுக் குமிழி இருக்கிறதா, இரவில் குறைந்து பகலில் திரும்புகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால், அது டயாட்டம் அல்ல, டைனோபிளாஜெல்லேட் என்னும் வேறொரு ஒற்றைச் செல் உயிரி. அதற்குக் காரணம் நீங்கள் பெருமையோடு குறிப்பிட்ட அந்தப் பூச்சியம்தான். ஊட்டம் முற்றிலும் வற்றும்போது, போட்டியிடும் பாசிகளும் பாக்டீரியாக்களும் பட்டினியில் ஒடுங்கிவிடுகின்றன; அந்த வெற்றிடத்தில் இவை பரவுகின்றன. சில இனங்களின் நஞ்சே நத்தைகளைக் கொல்கிறது.

உறிஞ்சியை எடுத்துவிடுங்கள். நைட்ரேட்டை 5 முதல் 10 பி.பி.எம். வரையிலும் பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 வரையிலும் உயர்த்தி நிறுத்துங்கள். நுண்ணோக்கி கிடைத்தால் இனத்தைப் பாருங்கள்: ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் நீரில் மிதப்பதால் புறஊதா விளக்குக்குச் சிக்கும், ஆம்பிடினியம் மணலிலேயே தங்குவதால் சிக்காது.

மறுப்பு: இயற்கையான பவளப்பாறையைச் சூழ்ந்த நீரில் நைட்ரேட் ஏறத்தாழ இல்லவே இல்லை. தொட்டியில் மட்டும் வேண்டும் என்பது முரணாக இருக்கிறது.

பதில்: முரண் இல்லை. கடலில் ஊட்டத்தின் அடர்த்தி குறைவு. ஆனால் அலையும் நீரோட்டமும் ஒவ்வொரு நொடியும் புதிய நீரையும் மிதவை உயிரிகளையும் பவளத்தின் மீது கொண்டுவந்து சேர்க்கின்றன. எத்தனை பேர் உண்டாலும் அந்த வரத்து நிற்பதில்லை. உங்கள் தொட்டியில் நீங்கள் போடும் இரண்டு சிட்டிகை உணவுதான் மொத்த வரத்து.

மறுப்பு: என் தொட்டியில் ஓராண்டாகப் பூச்சியம். பவளங்கள் செழிப்பாக இருக்கின்றன.

பதில்: ஒரு நாளில் எத்தனை முறை உணவிடுகிறீர்கள்?

மறுப்பு: நான்கைந்து முறை. பதினோரு மீன்கள் இருக்கின்றன.

பதில்: அப்படியானால் நீங்களும் நான் சொல்வதையே செய்கிறீர்கள். சோதனைக் கருவி காட்டுவது வரவையல்ல. வரவில் செலவு போக எஞ்சிய இருப்பை. உங்கள் தொட்டியில் வரவும் அதிகம், செலவும் அதிகம், ஆகவே இருப்பு பூச்சியம். முன்னவர் தொட்டியில் வரவே இல்லாததால் பூச்சியம். எண் ஒன்றுதான், நிலைமை வேறு. புதியவர்கள் எண்ணை மட்டும் பார்த்து உங்களைப் பின்பற்றும்போதுதான் தொட்டி சளியால் மூடுகிறது. அதனால்தான் இதில் இவ்வளவு அழுத்தமாகப் பேசுகிறேன்.

மறுப்பு: அப்படியென்றால் என் தொட்டியில் நைட்ரேட் 60 இருப்பதும் நல்லதுதானே?

பதில்: தோல் பவளமும் காளான் பவளமும் பொறுத்துக்கொள்ளும். கடின பவளத்தின் திசுவுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசிகள் மிகையாகப் பெருகி அதன் நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். மெதுவாகக் குறையுங்கள். இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: கடல்குதிரை வளர்க்கலாமா?

பதில்: அது என் துறையன்று. அவற்றை இனப்பெருக்கம் செய்பவர்களிடமே கேளுங்கள்.

கேள்வி: மீன்களின் உடலில் உப்புத்தூள் போல் வெண்புள்ளி. தாமிர மருந்தைத் தொட்டியில் ஊற்றலாமா?

பதில்: பவளத் தொட்டியில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. இது கிரிப்டோகாரியான் என்னும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். எல்லா மீன்களையும் பாறையும் மணலும் இல்லாத தனித்தொட்டிக்கு மாற்றி அங்கே சிகிச்சை தாருங்கள். முதன்மைத் தொட்டி மீனின்றி 76 நாள்கள் இருக்கட்டும். வளர்ப்போர் பரவலாகக் கடைப்பிடிக்கும் கால அளவு அது. ஒட்டுண்ணி ஏறிக்கொள்ள மீன் இல்லாமல் மடியும். இனி வாங்கும் ஒவ்வொரு மீனையும் முதலில் தனித்தொட்டியில் வைத்திருங்கள்.

கேள்வி: 120 லிட்டரில் நீல டேங் மீன்?

பதில்: வேண்டாம். 30 செ.மீ. வரை வளரும், நாளெல்லாம் நீந்தும்.

கேள்வி: இரண்டு மாதத் தொட்டியில் கடல் அனிமோன் வைத்தால் கோமாளி மீன் மகிழ்ச்சியாக இருக்குமா?

பதில்: மீனுக்கு அனிமோன் இல்லாமலும் குறையில்லை. அனிமோனுக்கோ முதிர்ந்த தொட்டி வேண்டும். ஓராண்டு பொறுங்கள்.

கேள்வி: முதல் பவளமாக எதை, எங்கே வைப்பது?

பதில்: காளான் பவளம் அல்லது தோல் பவளம். புதிய பவளத்தை முதல் பத்து நாள் மணலருகே, வெளிச்சம் மங்கலான இடத்தில் வையுங்கள். பிறகு சிறிது சிறிதாக உயர்த்துங்கள். புதியவர்கள் இழக்கும் பவளங்களில் பல, வெளிச்சக் குறைவால் அல்ல, மிகுதியால் வெளுத்தவை. சோவாந்திட் வாங்கினால் வெறுங்கையால் தொடாதீர்கள்.

கேள்வி: பாறையைக் கொதிக்கவைக்கக் கூடாது என்றீர்கள். அடுப்பில் உலர வைத்துச் சூடாக்கலாமா?

பதில்: கூடாது. எந்த வகையிலும் சூடு காட்டக் கூடாது.

கேள்வி: 200 லிட்டர், உப்பளவு 35. பத்து நாள் வெளியூர் போகிறேன். என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: புறப்படுவதற்கு முந்திய வாரத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். தானியங்கி நீர் நிரப்பியின் கலத்தைத் தூய நீரால் நிரப்பி, அதன் மிதவையில் நத்தை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கிம்மர் கோப்பையைக் காலிசெய்யுங்கள். மின்கம்பிகள் செருகியை அடையும் முன் தாழ்ந்து வளைந்து செல்லட்டும். வழியும் நீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும். பார்த்துக்கொள்பவரிடம் ஒவ்வொரு வேளைக்கும் உரிய உணவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து, மீதியை ஒளித்துவையுங்கள். நிரப்பி நின்றுபோனால் அவர் ஊற்றவேண்டிய தூய நீர் வாளியின்மீது "உப்பில்லை" என்றும், உப்பு கலந்த வாளியின்மீது "தொடாதீர்கள்" என்றும் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள்.