வாசிப்புக் குழு சொல்லும் பக்கம் மின்னூலில் பொருந்தாதபோது

வாசிப்புக் குழுவோடு 'யாக்கோபின் நூல்கள்' நாவலை மின்னூலில் படிக்கும்போது அவர்கள் சொல்லும் பக்கத்தில் வேறு பகுதி வருகிறதா? குழுவினர் தரும் பக்க எண்ணை விட்டுவிட்டு, அவர்கள் பேசும் பத்தியில் வரும் அரிதான ஊர்ப்பெயர் ஒன்றைக் கேட்டு, அதை மின்னூலுக்குள் தேடுங்கள். உங்கள் கோப்பில் பழுது இருக்க வாய்ப்பில்லை.

போலந்து எழுத்தாளர் ஓல்கா டோகார்சுக் 2014இல் போலிஷ் மொழியில் வெளியிட்ட இந்த நாவலின் அச்சுப் பதிப்பில், வலமிருந்து இடமாக வாசிக்கும் எபிரேய நூல் மரபுக்கு மரியாதை செய்யும் விதமாக, பக்க எண்கள் பெரியதில் தொடங்கி இறங்கிக்கொண்டே வருகின்றன. மின்னூல் கருவிகளோ பெரும்பாலும் ஏறுவரிசையில் எண்ணுகின்றன. அதனால்தான் நண்பர்கள் 900ஆம் பக்கம் என்று சொல்லும்போது அவர்கள் நூலின் தொடக்கத்தை ஒட்டி நிற்க, நீங்கள் கடைசிப் பகுதியைத் திறந்துவிடுகிறீர்கள். அந்த இறங்கு எண்கள் வெறும் அலங்காரம் அல்ல. ஆசிரியர் திட்டமிட்டே வைத்தவை. திரையில் அவை மறைவது உண்மையான இழப்பு என்றே கருதுகிறேன்.

உறுதிப்படுத்திக்கொள்ள, நாவலின் 7 பகுதிகளுள் அவர்கள் எதில், எந்த அத்தியாயத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பொருளடக்கத்தின் வழியே அங்கே செல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை: கதைமாந்தர் பலர் ஞானஸ்நானம் பெற்றபின் வேறு பெயர்களில் வருகிறார்கள், ஆள்பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பிற்பகுதியில் அவர்களைத் தவறவிடுவீர்கள்.