பலகையில் இருக்கும் பெயர்களும் உங்கள் மகனின் சனிக்கிழமையும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். இங்கிலாந்தில் பிரஸ்டன் பக்கம் மருத்துவமனை வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, மகனுக்குப் பத்து வயது. ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரி என்ற கத்தோலிக்க போர்டிங் பள்ளியின் ஓபன் டேக்கு, அதாவது பெற்றோர் சுற்றிப் பார்க்கும் நாளுக்குப் போய் வந்திருக்கிறீர்கள். ஷெர்லக் ஹோம்ஸை எழுதியவர் படித்த பள்ளி, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கிய ஏழு பேர் படித்த பள்ளி என்று கேட்டதிலிருந்து உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் தூக்கம் இல்லை. "இவ்வளவு பெரிய ஆட்களை உருவாக்கிய சாமியார்கள் என் மகனையும் ஆளாக்க மாட்டார்களா? கடன் வாங்கியாவது சேர்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடன் வாங்கிச் சேர்க்க வேண்டாம். நான் 2002இல் நர்ஸாக இங்கே வந்தவள். என் மகன் வேறொரு கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), வேறொரு கத்தோலிக்க போர்டிங் பள்ளியில் இரண்டு வருடம் இருந்தான். அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்த வார்த்தையே நம்மைக் குழப்பும். நம் ஊரில் போர்டிங் என்றால், வசதி இல்லாத வீட்டுப் பிள்ளையை ஃபாதரோ சிஸ்டரோ கூப்பிட்டு வைத்து, சோறு போட்டுப் படிக்கவைக்கும் இடம். நம் அப்பா தலைமுறையில் பாதிப் பேர் அப்படித்தான் கரையேறினார்கள். அந்த நன்றி நம் ரத்தத்தில் இருப்பதால், 'கத்தோலிக்க போர்டிங்' என்றதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுகிறோம். இங்கே அது பெரும்பாலும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் இடம். 'பப்ளிக் ஸ்கூல்' என்று இவர்கள் சொல்வதும் அரசுப் பள்ளியை அல்ல, இந்த மாதிரி தனியார் பள்ளிகளைத்தான்.

இருந்தாலும், அந்தப் பெயர்களை மதிக்க வேண்டும். நானும் அங்கே போயிருக்கிறேன். நீளமான சாலை, இரண்டு பக்கமும் குளம், தூரத்தில் இரட்டைக் கோபுரம். பார்த்ததும் மனசு அடங்கிப்போகும். ஆனால் அது அரண்மனையில் பிறந்த பள்ளி அல்ல. இங்கிலாந்தில் கத்தோலிக்க வழிபாடே குற்றமாக இருந்த காலத்தில், 1593இல், கடல் தாண்டி, இன்றைய பிரான்சில் உள்ள செயிண்ட்-ஓமேர் என்ற ஊரில் ஏசுசபையினர் (ஜெசுயிட் சாமியார்கள்) தொடங்கியது. பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவதற்கே தடை இருந்தது. ஒளித்துத்தான் அனுப்பினார்கள். 1762இல் அங்கிருந்து துரத்தப்பட்டு, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ப்ரூஜுக்கு ஓடினார்கள், 1773இல் அதே பக்கத்து லியேஜுக்கு. 1794இல் பிரெஞ்சுப் படை நெருங்கியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த லங்காஷயருக்கு வந்து சேர்ந்தார்கள். பழைய மாணவர் தாமஸ் வெல்ட் கொடுத்த வீடுதான் நீங்கள் பார்த்த கட்டடம். இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்காகக் கடல் தாண்டியவர்களின் கதை நமக்குப் புரியாதா?

அப்படிக் கடல் தாண்டிய ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். சார்ல்ஸ் கேரல், அமெரிக்காவின் மேரிலாண்ட்காரர். அங்கேயும் கத்தோலிக்கர் பள்ளி நடத்த முடியாது. 1748இல் செயிண்ட்-ஓமேருக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அப்போது ஏறக்குறைய உங்கள் மகன் வயசு. 1776இல் அமெரிக்க விடுதலை அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ஒரே கத்தோலிக்கர் அவர். பள்ளியின் பழைய மாணவர் பெயர்ப் பலகையில் பொன்னெழுத்தில் வரக்கூடிய பெயர்தான். ஆனால் அவர் வீடு திரும்பியது 1765இல். அம்மா 1761இலேயே இறந்துவிட்டார். கப்பலேறிய பிறகு அந்தப் பையன் அம்மாவைப் பார்க்கவே இல்லை. நூற்றுக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பலகையில் ஒரு வரிக்குத்தான் இடம், அதில் இரண்டுமே வராது.

ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கானன் டாயிலுக்கு வருகிறேன், உங்கள் தூக்கத்தைக் கெடுத்தவர் அவர்தானே. 1868இல், ஒன்பது வயதில், முதலில் இதன் சின்னப் பள்ளியான ஹாடரில் சேர்ந்து, 1875 வரை இருந்தார். வருடத்துக்கு ஆறே வாரம் விடுமுறை. அங்கே வாங்கிய அடியை அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். பூட்ஸ் அடிப்பாகம் போன்ற தடித்த ரப்பர் துண்டால் உள்ளங்கையில் அடிப்பார்கள், கை வீங்கி, வெளியே போகக் கதவுக் குமிழைத் திருப்பக்கூட முடியாது என்று. அடி இன்றைக்கு இல்லை, சட்டமே விடாது. ஆனால் அந்த வருடங்களை அவர் எதைப் பிடித்துக்கொண்டு தாண்டினார் என்று பாருங்கள். அம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். மழை பெய்யும் அரைநாள் விடுமுறையில் மேசைமேல் ஏறி உட்கார்ந்து, தரையில் குந்தியிருக்கும் சின்னப் பையன்களுக்குத் தொண்டை கட்டும்வரை கதை சொல்வார். விறுவிறுப்பான இடத்தில் நிறுத்திவிடுவார், தின்பண்டம் கைக்கு வந்தால்தான் மீதிக் கதை. பள்ளி அவரை எழுத்தாளராக்கியது என்பதைவிட, அந்தத் தரையில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள் ஆக்கினார்கள் என்றுதான் நான் சொல்வேன். படிப்பு முடியும் காலத்திலேயே அவருக்குக் கத்தோலிக்க நம்பிக்கையும் கழன்றுவிட்டது. விசுவாசத்துக்காக அனுப்புகிறோம் என்று உங்கள் மனைவி சொல்வதால் இதையும் எழுதுகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தவர் இன்னொருவர், சார்ல்ஸ் வாட்டர்டன். லங்காஷயருக்கு வந்த புதிதில், 1796இல் சேர்ந்தவர். பாடத்தில் கவனம் கிடையாது, எந்நேரமும் பறவை, பிராணி என்று காட்டுப்பக்கம் போய்விடுவார். அந்தச் சாமியார்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பள்ளிக்கு எலி பிடிப்பவன், நரி பிடிப்பவன் என்று அவருக்கே பொறுப்புக் கொடுத்துவிட்டார்கள். பிறகு தென் அமெரிக்கக் காடுகளில் அலைந்து பெரிய இயற்கையியலாளர் ஆனார். 1820களில் தன் நிலத்தைச் சுற்றிச் சுமார் மூன்று மைல் மதில் கட்டி, உள்ளே துப்பாக்கி கூடாது என்று பறவைகளைக் காப்பாற்றினார். உலகின் முதல் இயற்கைக் காப்பகங்களில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள். ஒரு பள்ளியால் இதுதான் முடியும்: எதிரே நிற்கும் பிள்ளை யார் என்று பார்ப்பது. யார் பார்க்கிறார்கள் என்பதை பலகையைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, நேரில் போய்க் கேட்க வேண்டும்.

இன்னும் ஒரு ஜோடி. மாரிஸ் டீஸ், ஜோசப் பிளங்கெட். இருவரும் அயர்லாந்தில் பிறந்தவர்கள், வயதில் இரண்டு வருடம் வித்தியாசம், இருவருமே ஸ்டோனிஹர்ஸ்ட். டீஸ் பிரிட்டிஷ் படையில் லெஃப்டினன்ட். 1914 ஆகஸ்ட் 23 அன்று பெல்ஜியத்தின் மோன்ஸில் ஒரு பாலத்தைக் காக்க, குண்டு மேல் குண்டு வாங்கியும் இயந்திரத் துப்பாக்கிகளை விட்டு நகராமல் 24 வயதில் செத்தார். முதல் உலகப் போரின் முதல் விக்டோரியா கிராஸ் அவருடையது. பிளங்கெட், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் அயர்லாந்துக் குடியரசுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். மே 4 அன்று அதே பிரிட்டிஷ் படை அவரைச் சுட்டுக் கொன்றது. அதற்குச் சில மணி நேரம் முன்புதான் சிறைக்குள் கல்யாணம். ஒரே பள்ளி. இதில் எந்தப் பிள்ளையை அந்தப் பள்ளி 'உருவாக்கியது' என்று சொல்வீர்கள்?

பலகையில் வராததையும் படியுங்கள். இங்கிலாந்தில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகளை விசாரித்த சுதந்திர ஆணையம் 2018 ஆகஸ்டில் ஆம்பிள்ஃபோர்த், டவுன்சைட் என்ற இரண்டு பெரிய கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகளின் பாதுகாப்பைவிடத் துறவிகளின் பெயரையும் தங்கள் பெயரையும் காப்பாற்றுவதையே பெரிதாக நினைத்தார்கள் என்று அதில் இருக்கிறது. அந்தப் பள்ளிகளுக்கும் புகழ்பெற்ற பழைய மாணவர் பட்டியல் உண்டு. சாமியார் பள்ளி என்பதால் கேள்வி கேட்கக் கூசாதீர்கள். ஆய்வு அறிக்கையை வாங்கிப் படியுங்கள். பிள்ளை ராத்திரி அழுதால் யாரிடம் போவான், அவர் பெயர் என்ன, அவர் எந்த அறையில் தூங்குகிறார் என்று கேளுங்கள்.

என் மகன் கதை. 2014 செப்டம்பரில், 11 வயதில், பாதிக் கட்டணத்துக்கு பர்சரி என்ற உதவித்தொகை கிடைத்துச் சேர்த்தோம். நானும் அவன் அப்பாவும் மீதியைக் கட்ட நைட் ஷிஃப்ட் மேல் நைட் ஷிஃப்ட் எடுத்தோம். சனிக்கிழமை மத்தியானம் மேட்ச் முடிந்ததும் பக்கத்தில் வீடு உள்ள பிள்ளைகள் காரில் போய்விடுவார்கள் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் தங்கும் பெரிய ஹவுஸில் நாலைந்து வெளிநாட்டுப் பிள்ளைகளோடு இவன் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான். போன் செய்தால் 'ஐயம் ஃபைன்'. தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில். ஹவுஸைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மாஸ்டரைக் கேட்டால் நன்றாக ஒட்டிக்கொண்டான் என்பார். இரண்டாம் வருடம் ஈஸ்டர் விடுமுறைக்கு அழைத்து வந்து துணி துவைக்க ட்ரங்குப் பெட்டியைப் பிரித்தேன். அடியில் நான் கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாக்கள் மூன்று, ஒட்டிய டேப் ஒட்டியபடி. ஏன்டா என்றேன். "பிரிச்சா மணக்கும்மா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த வருடத்தோடு நிறுத்தி, வீட்டுப் பக்கத்து அரசுக் கத்தோலிக்கப் பள்ளிக்கு மாற்றினோம். இப்போது 22 வயது. அந்த போர்டிங்கில் ஒரு வயதான இசை ஆசிரியர் அவனுக்குப் பைப் ஆர்கன் சொல்லிக்கொடுத்தார், அவரை நான் ஜெபத்தில் மறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பங்குக் கோயிலில் இவன்தான் வாசிக்கிறான்.

பணக் கணக்கு சுருக்கமாக: முழு போர்டிங் கட்டணம் இப்போது சாதாரணமாக வருடத்துக்கு 40,000 பவுண்டைத் தாண்டுகிறது. 2025 ஜனவரி முதல் 20 சதவீத வாட் வரியும் உண்டு. ஸ்காலர்ஷிப் என்பது திறமைக்கு, பெரும்பாலும் சின்னத் தொகை. வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பதுதான் பர்சரி. பெரிய பர்சரி எழுத்தில் கையில் வந்தால் மட்டும் யோசியுங்கள். அதுவும் 16 வயதில் சிக்ஸ்த் ஃபார்முக்கு (பள்ளியின் கடைசி இரண்டு வருடம்), அவனே ஆசைப்பட்டால். அல்லது அதே பள்ளியில் டே ஸ்டூடண்டாக, தினமும் வீட்டுக்கு வருவதுபோல.

லங்காஷயர் பழைய கத்தோலிக்க மண். கட்டணமே இல்லாத நல்ல அரசுக் கத்தோலிக்கப் பள்ளிகள் சுற்றிலும் இருக்கின்றன. விசாவில் வந்த உங்கள் மகனும் சேரலாம். 11 வயதில் சேரும் செகண்டரி பள்ளிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 31, பதில் மார்ச் 1. நிறைய பள்ளிகள் தனியாக ஒரு படிவமும் கேட்கும், பங்குத்தந்தை கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போய் அவருக்கு உங்கள் முகம் தெரியட்டும். மகனின் திருமுழுக்குச் சான்றிதழ் ஊரில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, இந்த வாரமே வரவழைத்துவிடுங்கள். எனக்கு அது வந்து சேர ஏழு வாரம் ஆனது.