ஏஐ-யில் ஆப்பிள் பின்தங்கிவிட்டதா? போன் வாங்குவோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐபோன் 16 விலை விசாரிக்க மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் போனேன். "ஆப்பிள்காரன் ஏஐ-யில கோட்டை விட்டுட்டான் சார், அந்தக் காசுக்கு ஆண்ட்ராய்டு எடுங்க" என்றார் ஒரு கடைக்காரர். அடுத்த கடையில், "அதெல்லாம் அப்டேட்ல வந்துரும், எடுங்க" என்கிறார்கள். யாரை நம்புவது? (அண்ணாநகர் வாசகர்)

பதில்: முதல் கடைக்காரர் சொன்ன தகவல் சரி, யோசனை பாதி சரி. இரண்டாமவர் பேச்சை நம்பி மட்டும் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்.

பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் சிரியை 2011-லேயே ஐபோன் 4எஸ் உடன் கொண்டுவந்தது ஆப்பிள்தான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது அதற்கு ஈடாக ஆப்பிளிடம் ஒன்றும் இல்லை. 2024 ஜூனில் 'ஆப்பிள் இன்டலிஜென்ஸ்' என்ற பெயரில் தங்கள் ஏஐ வசதிகளை அறிவித்தார்கள். அதன் முதல் பகுதி அக்டோபர் கடைசியில் வந்தது, அதுவும் அமெரிக்க ஆங்கிலத்தில். இந்திய ஆங்கிலத்துக்கு 2025 மார்ச் இறுதியில் ஐஓஎஸ் 18.4 என்ற ஐபோன் அப்டேட் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறிவிப்பு மேடையில் கைத்தட்டல் வாங்கிய அம்சம் வேறு: "அம்மா வரும் விமானம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் சிரியே மெயிலையும் மெசேஜையும் துழாவிப் பதில் சொல்லும் என்றார்கள். 2025 மார்ச்சில் அதைத் தள்ளிவைத்து, அதற்காக ஓடிக்கொண்டிருந்த விளம்பரத்தையும் எடுத்துவிட்டார்கள். 2026 ஜனவரியில், ஆப்பிளின் அடுத்த ஏஐ மாடல்கள் (ஏஐ-க்கு மூளையாக இருக்கும் மென்பொருள்கள்) கூகுளின் ஏஐ-யான ஜெமினியை அடிப்படையாகக் கொண்டு அமையும் என்று இரு நிறுவனங்களும் சேர்ந்தே அறிவித்தன. போட்டியாளரின் சரக்கை வாங்கித் தன் கடையில் வைக்கிறவர் பின்தங்கவில்லை என்று வாதாட முடியாது.

ஏன் இப்படி ஆனது? ஒரு காரணம் செலவு. கூகுளின் தாய் நிறுவனம் 2025-ல் மட்டும் டேட்டா சென்டர் உள்ளிட்ட மூலதனச் செலவுக்கு 9,000 கோடி டாலருக்கு மேல் இறைத்தது. ஆப்பிள் தன் 2025 நிதியாண்டில் செலவழித்தது 1,300 கோடி டாலருக்கும் கீழே. இன்னொரு காரணம், முடிந்த அளவு வேலையைப் போனுக்குள்ளேயே முடிக்க வேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவு. உங்கள் தகவல் வெளியே போகாது என்பது அதில் நல்லது. ஆனால் போனுக்குள் அடங்குகிற மாடல் சின்னதாகத்தான் இருக்கும். ஆப்பிள் வைத்திருப்பது சுமார் 300 கோடி பாராமீட்டர் (மாடல் கற்றதைத் தாங்கும் எண்கள்) உள்ள மாடல். சுருக்காமல் வைத்தால் அதற்கே 6 ஜிபி ரேம் (போன் வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) போய்விடும். கசக்கிச் சுருக்கினாலும் ஒரு ஜிபி அளவுக்கு இடம் பிடிக்கும். அதனால்தான் குறைந்தது 8 ஜிபி ரேம் உள்ள ஐபோன் 15 ப்ரோ, 15 ப்ரோ மேக்ஸ், அதற்குப் பின் வந்த 16, 17 வரிசைகளில் மட்டும் இது ஓடுகிறது. 6 ஜிபி ரேம் உள்ள சாதா ஐபோன் 15-ல் ஓடாது. இனி எந்த அப்டேட்டாலும் ரேம் கூடப்போவதில்லை.

இனி உங்கள் காசு. நம் ஊரில் பெரும்பாலோர் ஏஐ என்று நாள்தோறும் தொடுவது சாட்ஜிபிடி அல்லது ஜெமினி ஆப். இரண்டும் ஐபோனிலும் ஓடும், ஆண்ட்ராய்டிலும் ஓடும். கணக்குப் போடுவது வெளியே சர்வரில், ஆகவே விடை இரண்டிலும் ஒன்றுதான். கேமரா, பேட்டரி, ஐந்தாறு வருடம் அப்டேட், திரும்ப விற்கும்போது கிடைக்கும் விலை, இவற்றுக்காக ஐபோன் பிடித்திருந்தால் தாராளமாக எடுங்கள். ஏஐ-க்காக மட்டும் ஐபோன் எடுப்பதாக இருந்தால் வேண்டாம். "வரப்போகிறது" என்ற சொல்லுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். கடை டெமோ போனில் உங்கள் கண்முன் நடப்பதுதான் நீங்கள் வாங்கும் பொருள்.

பார்க்கிற விதம்: செட்டிங்ஸில் 'ஆப்பிள் இன்டலிஜென்ஸ் அண்ட் சிரி' என்று இருந்தால் அந்தப் போனுக்கு அது உண்டு. வெறும் 'சிரி' என்று மட்டும் இருந்தால் இல்லை. இருந்தும் ஆன் ஆகாவிட்டால் போனின் மொழியும் சிரியின் மொழியும் ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். ஒன்று ஆங்கிலம், மற்றது இந்தி என்று இருந்தால் மக்கர் பண்ணும். 7 ஜிபி காலி இடமும் வேண்டும். கல்யாண வீடியோவால் நிரம்பிய 128 ஜிபி போனில் பெரும்பாலும் சிக்கல் இதுதான்.

கேள்வி: "ஏஐ அப்டேட்ல வரும்" என்று கடையில் சொன்னதை நம்பி ஐபோன் 15 வாங்கினேன். வரவே இல்லை. கேட்டால் "விற்ற பொருள் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று போர்டைக் காட்டுகிறார்கள். வழக்குப் போடலாமா? (மேலூர் வாசகி)

பதில்: ஆப்பிள் மீது போட்டால் நிற்காது. சாதா 15-க்கு இந்த வசதி உண்டு என்று அவர்கள் சொல்லவே இல்லை. கடை மீது போடலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47)-ன்படி, பொருளைப் பற்றி வாயால் சொன்ன தவறான தகவலும் முறையற்ற வணிக நடைமுறையில் சேரும். ஆனால் வாயால் சொன்னதை நிரூபிப்பது உங்கள் பாடு. அந்த போர்டு உங்கள் உரிமையைப் பறிக்காது. போர்டைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

முதல் வேலையாகக் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு, எந்தத் தேதியில் வாங்கினீர்கள், விற்றவர் என்ன சொன்னார் என்று எழுதி அனுப்புங்கள். "ஆமாம், அப்போ அப்படித்தான் சொன்னாங்க" என்று ஒரு வரி பதில் வந்தால் அதுவே பெரிய சாட்சி. விளம்பர நோட்டீஸ், கடையின் இன்ஸ்டாகிராம் பதிவு இருந்தால் இப்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு இருக்காது. ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்ட ஜிஎஸ்டி பில் கட்டாயம் வேண்டும். வெறும் எஸ்டிமேட் சீட்டு வாங்கியிருந்தால் வழக்கு நொண்டும்.

அடுத்து 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். அங்கேயே பேசி முடியும் புகார்கள் உண்டு. முடியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுங்கள். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எழுத்துச் சாட்சி எதுவுமே கையில் இல்லையென்றால் எங்கள் யோசனை வேறு: எக்ஸ்சேஞ்சில் நல்ல விலை கேட்டு அதே கடையில் பேரம் பேசுங்கள். மனு, வாய்தா என்று அலைவதைவிட அதில் கைக்கு வருவது அதிகம்.

கேள்வி: 14,000 ரூபாய் போனில் "16 ஜிபி ரேம், ஏஐ போன்" என்று ஸ்டிக்கர். ஐபோனிலேயே 8 ஜிபிதானே? (வாடிப்பட்டி வாசகர்)

பதில்: பெட்டியின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். 8+8 என்று இருக்கும். பின்னுள்ள 8, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிய 'விர்ச்சுவல்' ரேம். அதன் வேகம் அசல் ரேமுக்குப் பக்கத்தில்கூட வராது. இந்த விலையில் ஏஐ என்பது பெரும்பாலும் போட்டோவைப் பளிச்சென்று ஆக்குவது, அவ்வளவே.

கேள்வி: அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார். தமிழில் பேசினால் தமிழில் பதில் சொல்கிற போன் வேண்டும். என் பழைய ஐபோனைக் கொடுக்கலாமா? (உசிலம்பட்டி வாசகி)

பதில்: ஆப்பிள் பின்தங்கியது நமக்கு உறைக்கிற இடம் இதுதான். சிரிக்கு ஆங்கிலம் கலந்த தமிழில் சில கட்டளைகள்தான் புரியும், தமிழில் பதில் சொல்லத் தெரியாது. ஆப்பிள் இன்டலிஜென்ஸுக்கும் தமிழ் தெரியாது. ஜெமினி ஆப் 2024 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோதே தமிழோடு வந்தது. ஆண்ட்ராய்டில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாலே ஜெமினி எழுந்திருக்கும்படி வைக்கலாம். ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் சிரிதான் வரும். ஜெமினி ஆப்பைத் தேடித் திறக்க வேண்டும், அல்லது லாக் ஸ்க்ரீனில் அதன் விட்ஜெட்டை (தொட்டால் திறக்கும் குட்டிப் படம்) வைத்துக் கொடுக்க வேண்டும். வயதானவர் கைக்கு இந்த ஒரு படியே பெரிய படி. அப்பாவுக்குப் புது ஆண்ட்ராய்டு எடுங்கள். அசல் ரேம் 6 ஜிபிக்குக் குறையாமல், ஸ்பீக்கர் சத்தமாக உள்ளதாகப் பார்த்து, கடையிலேயே தமிழில் நாலு கேள்வி கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் சிக்னல் எப்படி என்றும் பாருங்கள், நெட் இல்லாவிட்டால் இதெல்லாம் வாயே திறக்காது.

மொட்டில் புழு, இலையில் புள்ளி என்று கேமராவைக் காட்டிக் கேட்கவும் முடியும். என்ன நோயாக இருக்கலாம் என்று தெரிந்துகொள்ள அது போதும். எந்த மருந்து, டேங்குக்கு எத்தனை மில்லி என்பதை மட்டும் அதனிடம் கேட்டு அடிக்க வேண்டாம், தவறான அளவையும் அடித்துச் சொல்லும். அதற்கு 1800-180-1551 கிசான் கால் சென்டர் இருக்கிறது, கட்டணம் இல்லை, தமிழில் பதில் சொல்வார்கள். இல்லையென்றால் ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்கு ஒரு நடை இலையோடு போய் வரலாம்.

கேள்வி: ஒரு வருடம் ஏஐ இலவசம் என்று மெசேஜ் வருகிறது. எடுக்கலாமா? (காளவாசல் வாசகர்)

பதில்: எடுக்கலாம், மெசேஜில் உள்ள லிங்கைத் தொடாமல் அந்த நிறுவனத்தின் ஆப்புக்குள் போய். தொடங்கும்போது கார்டோ யுபிஐ-யோ கேட்டால் இலவசக் காலம் முடிந்த மறுநாளே பணம் எடுக்க அனுமதி தருகிறீர்கள் என்று பொருள். சாட்ஜிபிடி கோ திட்டம் இந்தியாவில் மாதம் 399 ரூபாய்க்கு அறிமுகமானது, ஜெமினியின் ப்ரோ திட்டம் 1,950. ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டு 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்', ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரில் 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்', பிறகு யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே', இந்த இடங்களில் பார்த்து ரத்து செய்யுங்கள். முடிவுத் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே செய்துவிடுவது நல்லது.