மலச்சிக்கலும் இடுப்பு வலியும்: எது முதலில் வந்தது?

இடுப்பு வலி, முழங்கால் வலி, சோர்வு எல்லாவற்றுக்கும் மலச்சிக்கல்தான் காரணமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மலச்சிக்கலால் இடுப்பு வலிக்கும், உண்மைதான். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் மலம் தேங்கினால் மந்தமான வலி வரும், கழித்ததும் குறையும். ஆனால் உங்கள் முழங்கால் வலியையும் அதன் தலையில் கட்ட முடியாது.

எனக்குச் சந்தேகம் நீங்கள் சாப்பிடும் வலி மாத்திரை மேல். இடுப்பு வலி தொடங்கிய பிறகுதான் மலச்சிக்கல் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டிரமடால், கோடீன் இருந்தால் அவை குடலின் அசைவையே மந்தமாக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார், அல்லது மலமிளக்கி சேர்ப்பார்.

ஒரு வாரம் குறித்து வையுங்கள்: மலம் கழித்த பின் இடுப்பு வலி குறைகிறதா? குறையாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். மூட்டு வலி, சோர்வு, மலச்சிக்கல் மூன்றும் சேர்ந்திருப்பதால் தைராய்டு சுரப்பு சரியாக இருக்கிறதா என்று காட்டும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் இம்மூன்றும் வரலாம்.

சிறுநீர் வராமல் அடைத்தாலோ, மலம் அடங்காமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, கால் பலவீனமானாலோ காத்திருக்காதீர்கள். தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.