‘டொக்டர் செய்தால் பரவாயில்லையா?’: நாற்பதுக்கு முன் ஒரு தாயின் கேள்வி

கேள்வி: எனக்கு முதற்பிள்ளை பெண். பிறந்து முப்பத்திரண்டு நாட்களாகின்றன. நாற்பதாம் நாளன்று, ஊரில் இதைச் செய்யும் ஒஸ்தா மாமியை அழைத்துப் பிள்ளைக்குச் சுன்னத்துச் செய்ய, அதாவது பெண்ணுறுப்பில் கீறவோ வெட்டவோ வேண்டும் என்று கணவரின் தாயான என் மாமி சொல்கிறார். பிளேடை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தாத்தா (அக்கா) ஒருவர், நகரத்திலுள்ள தனியார் கிளினிக் ஒன்றில் பெண் டொக்டர் மரத்துப்போகும் மருந்து போட்டுச் சுத்தமாகச் செய்வார், தானே நாள் எடுத்துத் தருகிறேன் என்கிறார். அப்படிச் செய்வது பாதுகாப்பானதா? இது சட்டத்துக்கு விரோதமா? கணவர் கட்டாரில் இருக்கிறார். (பெயர் வெளியிட விரும்பாத தாய், கிழக்கு மாகாணம்)

பதில்: பாதுகாப்பானது அல்ல, சகோதரி. ஒஸ்தா மாமியும் வேண்டாம், டொக்டரும் வேண்டாம். இரண்டில் எது மேல் என்று கேட்டிருக்கிறீர்கள். பிளேடு புதிதா, கை சுத்தமா என்ற கேள்விகளுக்கு முன்னால், வெட்டுவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு இந்தக் கேள்வியே உங்களுக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

நாற்பது நாள் பெண் குழந்தையின் பெண்குறிக் காம்பு மிகச் சிறியது. அதை மூடியிருக்கும் மெல்லிய தோல் அந்த வயதில் காம்போடு ஒட்டியே இருக்கும், தனியாகப் பிரிந்திராது. “மேல்தோலை மட்டும் கொஞ்சம் எடுக்கிறோம்” என்று யார் சொன்னாலும், நல்ல வெளிச்சமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் உள்ள அறுவைக் கூடத்தில்கூட உள்ளிருக்கும் காம்பைக் காயப்படுத்தாமல் அதைச் செய்து முடிப்பது பெரும்பாடு. பிள்ளையோ காலை உதறிக்கொண்டிருக்கும். அந்தக் காம்புக்குச் செல்லும் நரம்பிழைகளை வளர்ந்த பெண்களில் எண்ணிப் பார்த்தவர்கள் பத்தாயிரத்துக்கும் அதிகம் என்று 2022இல் கணக்குச் சொன்னார்கள். இரத்த ஓட்டமும் அங்கே மிகுதி. நான்கு கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த இரத்தம் ஏறக்குறைய 320 மில்லிலீட்டர், அதாவது தகரக் குவளையில் விற்கும் ஒரு குளிர்பானத்தின் அளவு. அதிலிருந்து நான்கைந்து மேசைக் கரண்டி போனால், பெரியவர் ஒருவர் ஒரு லீட்டருக்கு மேல் இழந்ததற்குச் சமம்.

“சின்னக் கீறல்தானே, ஒரு சொட்டு இரத்தம்தானே” என்பார்கள். பல வீடுகளில் நடப்பது அந்த அளவுதான் என்பது உண்மை. ஆனாலும் மருத்துவக் காரணமின்றிப் பெண்ணுறுப்பைக் குத்துவதையும் கீறுவதையும்கூட உலக சுகாதார நிறுவனம் பெண்ணுறுப்புச் சிதைப்பின் நான்காம் வகையாகவே எண்ணுகிறது. அவுஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றம் 2019 ஒக்டோபரில், தாவூதி போரா என்ற முஸ்லிம் பிரிவைச் சேர்ந்த குடும்பமொன்றின் இரு சிறுமிகள் தொடர்பான வழக்கில், ஒரு சிறு வெட்டும் அங்குள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டம் சொல்லும் சிதைத்தலே என்று தீர்ப்பளித்தது. தாயும் ஓய்வுபெற்ற தாதி ஒருவரும் அந்த வழக்கின் பிரதிவாதிகளாக இருந்தார்கள். சிட்னியிலோ மெல்பேர்னிலோ குடியேறிய நம்மவர், விடுமுறைக்கு ஊருக்கு வந்து செய்துகொண்டு போகலாம் என்று எண்ணுவதும் வீண். அதற்காகப் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதே அங்கே குற்றம்.

இப்போது அந்தத் தாத்தாவுக்கு வருகிறேன். அவர் நல்ல மனத்தோடு சொல்லியிருக்கலாம். ஆயினும் இந்த ஏற்பாட்டுக்காரர்களைப் பற்றி என்னிடம் வந்த தாய்மார் சொன்ன கதைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கின்றன. முதலில் ஒஸ்தா மாமியின் பிளேடைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். பிறகு “டொக்டர் செய்தால் வலியே இல்லை” என்பார்கள். நாள் அவர்களே எடுப்பார்கள், அது பெரும்பாலும் மாலையில், கிளினிக் ஓய்ந்த நேரத்தில் இருக்கும். காசு கையோடு கை மாறும், பற்றுச்சீட்டு கிடையாது. பிள்ளையின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. காது குத்துவதையும் சேர்த்து ஒரே தொகைக்குப் பேசி முடித்தவர்களும் உண்டு. இரவில் இரத்தம் நிற்காமல் நீங்கள் தொலைபேசி எடுத்தால், “பக்கத்திலுள்ள அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், எங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம்” என்பதுதான் பதிலாக வரும். பெயர் சொல்ல அஞ்சும் ஒருவரிடம் பிள்ளையின் உடம்பைக் கொடுப்பது எப்படி என்று மட்டும் அந்தத் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள்.

மரத்துப்போகும் மருந்து இன்னொரு பொறி. பிள்ளை வீறிட்டு அழும்போது ஒஸ்தா மாமியின் கை தயங்கி நிற்கும். மருந்து போட்ட பிள்ளை அசையாமல் கிடக்கும், கத்தரிக்கோல் தயங்காது. இந்தோனேசியாவில் கள ஆய்வு செய்தவர்கள் கண்டது இதைத்தான்: ஊர்க்கிழவிகள் பெயருக்குக் கீறிவிட்ட இடத்தில், பயிற்சி பெற்ற மருத்துவ மாதுகள் கத்தரியால் உண்மையாகவே வெட்டினார்கள். அந்நாட்டரசு 2006இல் மருத்துவத் துறையினருக்கு இதைத் தடை செய்து, 2010இல் எப்படிச் செய்வது என்று விதிமுறை எழுதிக் கொடுத்து, 2014இல் அதையும் மீளப் பெற்றது. எகிப்தின் கதை இன்னும் கசப்பானது. அங்கே 2013இல் ஒரு சிறுமி உயிரிழந்தது வைத்தியர் ஒருவரின் கையில். அந்த வைத்தியர் முதலில் விடுதலையாகி, 2015 ஜனவரியில் மேன்முறையீட்டில்தான் தண்டிக்கப்பட்டார். வெள்ளை அங்கி இந்த வழக்கத்துக்கு மரியாதை சேர்த்துக் கொடுத்ததே தவிர, பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை.

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இலங்கையில் இதைப் பெயர் சொல்லித் தடை செய்யும் தனிச் சட்டம் இல்லை. 2018இல் சுகாதார அமைச்சு, வைத்தியர்கள் இதைச் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. எனவே அந்தப் பெண் டொக்டர் செய்வது தன் தொழிலின் விதியை மீறும் செயல். பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்குத் துன்பமோ உடற்காயமோ உண்டாகும்படி நடத்தினால், தண்டனைச் சட்டக்கோவையின் 308ஏ பிரிவின்படி இரண்டு முதல் பத்து ஆண்டுகள் வரை சிறை உண்டு. பிரிவு புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் பொலிஸ் நிலையத்துக்குப் போய் இதைச் சொன்னால், “அது உங்கள் சமயக் காரியம் அல்லவா?” என்று கேட்டு எழுந்துவிடுவார்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் பாராளுமன்றக் குழுவின் முன் சென்று தங்கள் உடம்பில் நடந்ததைச் சொல்லி ஆண்டுகள் பல ஓடிவிட்டன. சமய விடயத்தில் கை வைக்க அஞ்சும் அரசியல்வாதியும், சுற்றறிக்கையைக் கோப்பில் போட்டு வைத்துவிட்டு மேற்பார்வை செய்யாத அதிகாரியும், ஒருவரையொருவர் காட்டிக்கொண்டு காலத்தைக் கடத்துகிறார்கள். இந்தியாவிலும் நிலைமை இதற்கு மேல் இல்லை. போராக்கள் கத்னா என்று அழைக்கும் இதே வழக்கத்தைப் போராப் பெண்கள் எதிர்த்த வழக்கை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பரில் பெரிய அமர்வுக்கு அனுப்பி வைத்தது.

இங்கே ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை வைத்தே பல தாய்மாரை ஏமாற்றுகிறார்கள். “உங்கள் பிள்ளைக்கு அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, வெட்டி விடாவிட்டால் சிறுநீர் போகாது” என்று சொல்வார்கள். சிறு பெண் குழந்தைகளில் உள்ளுதடுகள் இரண்டும் மெல்லிய சவ்வுபோல் ஒட்டிக்கொள்ளும் நிலை உண்மையிலேயே உண்டு. அது பிறந்தவுடன் அரிது. மூன்று மாதத்துக்குப் பிறகு, இரண்டு மூன்று வயதுக்குள் காண்பதே வழக்கம். பெரும்பாலான பிள்ளைகளில் எந்தச் சிகிச்சையும் இல்லாமல், பருவமடையும் காலத்தில் உடம்பின் ஹோர்மோன் சுரக்கத் தொடங்கியதும், தானாகவே பிரிந்துவிடும். சிறுநீர் தடைப்பட்டாலோ அடிக்கடி தொற்று வந்தாலோ, சில வாரங்களுக்குப் பூசும் ஒரு களிம்பை எழுதித் தருவோம். மிகச் சிலருக்கு மட்டும் வைத்தியசாலையில் அதைப் பிரித்து விடுவோம், அப்போதும் காம்பையோ அதன் தோலையோ தொடுவதில்லை. நோய்க்குச் செய்யும் சிகிச்சை ஒருபோதும் சுன்னத்தாகாது, அதைச் சாட்டாக வைத்துச் சுன்னத்தும் செய்ய முடியாது. இரண்டுக்கும் வித்தியாசம் அறிய எளிய வழி, குழந்தை வைத்திய நிபுணரிடம் காட்டி நோயின் பெயரைக் கடிதத்தில் எழுதித் தரும்படி கேட்பது. ஏற்பாட்டுக்காரரின் டொக்டர் அப்படி ஒரு கடிதம் எழுதமாட்டார்.

மார்க்கத்தைப் பற்றி நான் பேசுவது முறையாகாது என்பதால் இரண்டு வரியோடு நிறுத்துகிறேன். மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 2008இல் இது கடமை என்று பத்வா வழங்கியது, ஷாபிஈ மத்ஹப் என்னும் மார்க்கச் சட்டப் பிரிவின் கருத்தும் அதுவே. ஆனால் குர்ஆனில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, இதற்கு அதிகமாக எடுத்துக்காட்டப்படும் ஹதீஸைப் பதிவு செய்த அபூதாவூத் அவர்களே அதைப் பலவீனமானது என்று குறித்திருக்கிறார், எகிப்தின் தலைமை முப்தி அலி ஜுமுஆ 2007இல் இதை ஹராம் என்றார். வெட்டாத பிள்ளை ஒழுக்கம் கெட்டுவிடும் என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் எழலாம். மொரோக்கோவிலும் துனீசியாவிலும் இந்த வழக்கமே இல்லை என்று சொல்லுங்கள்.

உங்களிடம் எட்டு நாட்கள் இருக்கின்றன. மாமியோடு வாதாட அவற்றைச் செலவிடாதீர்கள். அவருக்கும் இதே நாற்பதில் இதே காரியம் நடந்திருக்கும், அதை அவர் தவறென்று ஒப்புக்கொள்ள வைப்பது உங்கள் வேலை அல்ல. இன்றிரவே கணவரிடம் பேசுங்கள். இதைப் பெண்கள் விடயம் என்று ஆண்களிடம் சொல்லாமலே முடித்துவிடுவது நம் வீடுகளின் வழக்கம், சொன்னால் மறுக்கும் தகப்பன்மாரை நான் அதிகம் கண்டிருக்கிறேன். “வாப்பா வரும்வரை எதுவும் செய்யக் கூடாது” என்று அவர் கட்டாரிலிருந்து தன் தாயிடம் சொல்லும் ஒரு வாக்கியம், நான் எழுதும் பத்துப் பக்கத்தை விடப் பயன்படும். உங்கள் வீட்டுக்கு வரும் குடும்பநல மருத்துவ மாதுவிடமும் சொல்லி வையுங்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, எதுவும் செய்யக் கூடாது என்று அவர் மாமியின் முன்னால் சொன்னால் நாற்பது கடந்துவிடும். நாற்பதன்று பிள்ளையை யாரிடமும் தனியே விடாதீர்கள், குளிப்பாட்டவும் நீங்களே கொண்டுபோங்கள். வலுக்கட்டாயம் வந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை அழையுங்கள்.

இந்தப் பதில் உங்கள் கைக்கு வருமுன் காரியம் நடந்து முடிந்திருந்தால், துணியை மாற்றும்போதெல்லாம் பாருங்கள். இரத்தம் ஊறிக்கொண்டே இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலோ உடனே அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சாம்பலோ மஞ்சளோ வைக்க விடாதீர்கள். அங்கே வைத்தியர் கேட்டால் நகம் பட்டது, பூச்சி கடித்தது என்று மறைக்காமல் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் கலியாணம் பேசி முடித்த பெண் ஒருத்தி, அவ்விடத்தில் கடலை அளவில் ஒரு கட்டியோடு என்னிடம் வந்தாள், தொட்டாலே வலித்தது. குழந்தையாக இருந்தபோது வெட்டுப்பட்ட தோல் உள்ளே மடிந்து, இருபது ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக வளர்ந்த கட்டி அது. தனக்கு என்ன செய்தார்கள் என்பதை அன்றைக்குத்தான், பரிசோதனைக் கட்டிலில் இருந்தபடி, அவள் தன் உம்மாவிடம் கேட்டாள்.