பூட்டனின் கல்லறை எங்கே?

கேள்வி: எனக்கு வயது 38. சென்னை ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவின் பூர்வீகம் பாம்பன். தாத்தா 1950க்குப் பிறகு துறைமுக வேலைக்காகச் சென்னைக்கு வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. போன வருடம் அப்பா காலமானார். அவருடைய பழைய டைரியில் ஒரு வரி இருந்தது: “தாத்தா முடியப்பன். தாது வருஷம் ஐப்பசி. பாம்பன், வேப்பமரத்தடி.” அப்பாவின் தாத்தா என்றால் எனக்குப் பூட்டன். தாது வருஷம் என்றால் 1876 என்று ஒருவர் சொன்னார். கோடை விடுமுறையில் பாம்பனுக்குப் போய்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு மணி நேரம் தேடினேன். அப்படி ஒரு பெயரே இல்லை. கோயில் பழைய பதிவேட்டிலும் முடியப்பன் இல்லை என்றார்கள். வெளியே வரும்போது ஒரு பெரியவர், “என்ன, எடம் விஷயமா வந்தீகளா?” என்று கேட்டார். அழுதுகொண்டே ரயில் ஏறினேன். தம்பி விட்டுவிடச் சொல்கிறான். விட்டுவிடவா, அம்மா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்:

அன்பு மகளே,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பா போன துக்கம் ஆறாத நேரத்தில், யாரையும் தெரியாத ஊரில், வெயிலில் தனியாக அலைந்திருக்கிறாய். அழுகை வராமல் என்ன செய்யும்? விடாதே. உன் அப்பா எழுதி வைத்த அந்த ஒரு வரியில் உனக்கு வேண்டியது முக்கால்வாசி இருக்கிறது. நீ கல்லறையில் தொடங்கிவிட்டாய். அங்கே கடைசியில் போயிருக்க வேண்டும்.

முதலில் தாது வருஷத்தைப் பார்ப்போம். தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும். 1876இல் வந்தது தாது. பஞ்சத்தால் பெயர் பெற்ற வருஷம் என்பதால், தாது என்றதும் எல்லோருக்கும் அதுதான் நினைவுக்கு வருகிறது. அடுத்த தாது 1936. ஐம்பதுகளில் வேலை தேடிச் சென்னைக்கு வந்த மனிதரின் அப்பா 1876இல் இறந்திருக்க முடியாது, கணக்குப் போட்டுப் பார். ஆக, 1936. ஐப்பசி என்றால் அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் நடுவில் முடியும். நீ தேட வேண்டியது ஒரு நூற்றாண்டை இல்லை, மகளே. ஒரே ஒரு மாதத்தை.

அடுத்தது பெயர். “பதிவேட்டில் முடியப்பன் இல்லை” என்றார்கள் அல்லவா? இருக்கவே இருக்காது. அந்தக் காலத்துக் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளைக் குருக்கள் லத்தீனில் எழுதினார்கள். அறுபதுகளில் பூசை தமிழுக்கு வரும் வரை பெரும்பாலும் அப்படித்தான். வீட்டில் முடியப்பன் என்று கூப்பிட்டவரை அவர்கள் ஸ்தேபானுஸ் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பெயருக்குக் கிரேக்கத்தில் மகுடம் என்று அர்த்தம், நம் முன்னோர் அதை முடி ஆக்கி முடியப்பர் என்றார்கள். அதே போல பாவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவர், அதனால் சின்னப்பர். யோவான் அருளப்பர் ஆனார். ராயப்பன் பேத்ருஸ் என்று இருப்பார், சூசை யோசேபுஸ் என்றும், இஞ்ஞாசி இக்னாசியுஸ் என்றும், சந்தியாகு யாக்கோபுஸ் என்றும் இருப்பார்கள். இந்தப் பெயர்களைத் தமிழாக்கியவர்களின் மொழியறிவை நினைத்து நான் வியக்காத நாளே இல்லை. ஆனால் தேடுகிறவர்களை இதுதான் திணறடிக்கிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. லத்தீனில் ‘இன்னாருடைய மகன்’ என்று எழுதும்போது அப்பாவின் பெயர் முடிவு மாறிவிடும். பேத்ருஸ் அங்கே பேத்ரி ஆவார். ஸ்தேபானுஸ் ஸ்தேபானி ஆவார். உன் தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவைத் தேடினால் அதில் உன் பூட்டன் ஸ்தேபானி என்றுதான் வருவார், பெண் பெயர் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதே. அந்தப் பதிவு கிடைத்தால் பெரிய புதையல். அப்பா பெயர், அம்மா பெயர், ஞானத்தாய் தந்தையர் பெயர் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் நெருங்கிய சொந்தமாக இருப்பார்கள். உன் பூட்டியின் பெயரே அங்கேதான் முதல் முறையாக உனக்குத் தெரியப்போகிறது என்று நினைக்கிறேன், உன் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இந்த முறை பங்குத் தந்தைக்கு முன்கூட்டியே கடிதம் எழுது. பதிவேட்டைப் புரட்ட விடுங்கள் என்று கேட்காதே, அதில் உயிரோடிருப்பவர்களின் சங்கதியும் இருக்கும். “1936 அக்டோபர், நவம்பர் அடக்கப் பதிவில் ஸ்தேபானுஸ் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?” என்று கேள். பத்து நிமிட வேலை, யாரும் மறுக்க மாட்டார்கள். அங்கே இல்லை என்றால், 1936இல் அந்தக் கோயில் எந்தப் பங்கின் கிளையாக இருந்தது என்று விசாரி. இன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டம் சிவகங்கை மறைமாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் அது 1987இல் உருவானது. அதற்கு முன் மதுரை, 1938க்கு முன் மதுரையும் இல்லை. போதாததற்கு, இந்தப் பக்கக் கடற்கரையில் போர்த்துகீசிய அரசரின் உரிமையில் வந்த கோவாக் குருக்களும் சேசு சபைக் குருக்களும் தனித்தனியாகக் கோயில் நடத்திய ஊர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் ஒரே குடும்பத்தின் ஞானஸ்நானம் ஒரு கோயிலிலும் அடக்கம் இன்னொரு கோயிலிலும் பதிவாகியிருக்கலாம். அரசாங்கப் பதிவும் உண்டு. அந்நாளில் பிறப்பு, இறப்புக் கணக்கு கிராம முன்சீப் கையில் இருந்தது. 1980இல் அந்தப் பதவியை ஒழித்துவிட்டார்கள். பழைய பேரேடு இப்போது எங்கே என்று தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்கலாம்.

சரி, காகிதம் போதும். மனிதர்களிடம் வருகிறேன்.

நீ பாம்பனில் முடியப்பன் பேரனின் மகள் என்று ஏதோ சொல்லி அறிமுகம் செய்திருப்பாய். நம் கரையில் ஒரு தெருவுக்கு நாலு முடியப்பன் இருப்பார்கள். அதனால்தான் வீட்டுக்கு வீடு பட்டப்பெயர் உண்டு. சங்குக்கார வீடு, சிலோன்கார வீடு, வத்தைக்கார வீடு என்று ஏதாவது ஒன்று. ஊர் அந்தப் பெயரைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். அப்பாவின் தங்கையோ, பெரியப்பா மகளோ, யாராவது வயதான பெண் உன் சொந்தத்தில் இருந்தால் நாளைக்கே போய்ப் பார். “நம்ம வீட்டை ஊரில் என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?” என்று கேள். ஆண்கள் மறந்துவிடுவார்கள். வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கு அது மறக்காது, முதல் நாளிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லித்தானே அவர்களைக் கூப்பிட்டிருப்பார்கள்!

அந்தப் பெரியவர் மேல் கோபப்படாதே. பல வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பி வருகிறவர்கள் பத்திரத்தோடு வந்து அவர் பார்த்திருப்பார். அடுத்த முறை நீயே முந்திக்கொள். “அப்பா செத்து ஒரு வருஷம் ஆச்சு. பூட்டனுக்கும் சேர்த்து ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வந்தேன்” என்று சொல். உண்மையிலேயே ஒப்புக்கொடு. கோயிலில் பூசைக்கு முன் உன் அப்பா பெயரையும் பூட்டன் பெயரையும் சத்தமாக வாசிப்பார்கள். பீடத்திலிருந்து வாசிக்கும் பெயர் கோயிலில் இருக்கும் எல்லாக் கிழவிகள் காதிலும் விழும். வெளியே வந்ததும் யாராவது ஒருத்தி உன் முகத்தைப் பிடித்து உற்றுப் பார்ப்பாள்.

எப்போது போவது என்பதற்கும் ஒரு நாள் இருக்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கோடையில் நீ பார்த்தது பெயரில்லாத கற்களும் முள்ளும். அந்த ஒரு நாள் மாலை மட்டும் ஒவ்வொரு கல்லறைக்குப் பக்கத்திலும் அதற்குரியவர்கள் நிற்பார்கள். இரண்டு நாள் முன்னதாகவே வந்து புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, புது மணல் பரப்பியிருப்பார்கள். மழைக்காலம், கடல் காற்று வேறு, மெழுகுவத்தி நிற்காது. அதனால் கொட்டாங்கச்சிக்குள் மணல் போட்டு வத்தியை நட்டுக் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே வரும்போது, சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் காட்டிக் கொடுப்பார்கள்: “இது உங்க அப்பாவைப் பெத்த தாத்தா, அந்த ஓரத்துல அவுக அம்மா.” அதைக் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டு நட. வேப்பமரம் எங்கே இருந்தது என்று கேள். மரம் இப்போது இல்லாவிட்டாலும் அது நின்ற இடம் யாருக்காவது தெரியும். அந்தப் பக்கத்துக் கல்லறையில் நிற்கிறவர்கள்தான் உன் சொந்தமாக இருக்க அதிக வாய்ப்பு.

எழுத்து உள்ள கல் கிடைத்தால் பதறாதே, சுரண்டாதே. நம் கரையில் பழைய கல்லறைகள் கடலில் எடுத்த கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. உப்புக் காற்று சாந்துக்குள் இறங்கிக் காயும்போது உப்பு பூத்து மேல் பூச்சைச் செதில் செதிலாகத் தூக்கிவிடும். விரல் பட்டாலே எழுத்தோடு பெயர்ந்து வரும். கம்பிப் பிரஷ், ஆசிட், தேங்காய் நார் எதுவும் வேண்டாம். முதலில் படம் எடு. பொழுது சாயும் நேரத்தில் வெயில் பக்கவாட்டில் விழும்போது, உச்சி வெயிலில் தெரியாத எழுத்து நிழல் கட்டித் தெரியும். இருட்டிய பிறகு கைபேசி விளக்கைக் கல்லோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தாலும் போதும். தலையில் ‘சேசு மரி சூசை’ என்று இருக்கலாம். ஆண்டைத் தமிழ் எண்ணில் வெட்டியிருந்தால் ௧௯௩௬ என்றோ, இன்னும் பழைய முறையில் ௲௯௱௩௰௬ என்றோ இருக்கும். இரண்டும் 1936தான்.

கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் இதே கேள்வியோடு எழுதும் பிள்ளைகளுக்கும் இரண்டு வரி. மையவாடியில், அதாவது முஸ்லிம்களின் அடக்கத் தலத்தில், அடையாளமாக நடும் மீஸான் கல்லில் எழுத்தே இல்லாமல் இருப்பது சாதாரணம், ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் பதிவேட்டைக் கேளுங்கள். ஹிஜ்ரி ஆண்டைச் சும்மா கூட்டிக் கழிக்க வேண்டாம், அந்த வருஷம் சுமார் 354 நாள்தான். ஹிஜ்ரி 1300 தொடங்கியது 1882 நவம்பரில், 1400 தொடங்கியது 1979 நவம்பரில். நூறு வருஷத்துக்குள் மூன்று வருஷம் குறைந்துவிடுகிறது.

மகளே, இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்லறை கிடைக்காமலும் போகலாம். இடம் குறைந்த தோட்டங்களில் சில வருஷம் கழித்து அதே குழியைத் திறந்து அடுத்தவரை வைப்பார்கள். பழைய எலும்பை ஒதுக்கிவிட்டு அதே குடும்பத்தில் இன்னொருவர் படுத்திருப்பார். மரச்சிலுவை பத்து மழைக்குத் தாங்காது. 1936இல் வைத்தது 1960லேயே மறைந்திருக்கலாம். அப்படியானால் ஏதோ ஒரு கல்லைக் குத்துமதிப்பாகக் காட்டி அதன் மேல் உன் பூட்டன் பெயருக்குப் பளிங்கு பதித்துவிடாதே. யாராவது ஆசை காட்டுவார்கள். அது இன்னொரு வீட்டு மனிதராக இருந்தால், அவரைத் தேடி வரப்போகும் பேத்திக்கு நீ செய்யும் துரோகம் அது.

என் அத்தை வீட்டுக்காரர் தனுஷ்கோடியில் இருந்தார். 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில் போனவர், உடல் கிடைக்கவில்லை. ஊரே மனிதர் வாழத் தகாதது என்று ஆகிவிட்டது, அத்தை தங்கச்சிமடத்துக்கு வந்துவிட்டார். கல்லறைத் திருநாள் அன்று எல்லோரும் தோட்டத்துக்குப் போக, அத்தை மட்டும் வத்தியை எடுத்துக்கொண்டு கடலோரம் போவார். ஈர மணலில் கையால் ஒரு குழி பறித்து, உள்ளே வத்தியை நட்டு, முந்தானையால் மறைத்துக்கொண்டு அணையும் வரை உட்கார்ந்திருப்பார். சிறுமியாக நானும் கூடப் போவேன். அவர் பேசவே மாட்டார். அந்த இடம் ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு இடமாக இருந்தது, அத்தைக்கு அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

அதனால் கல் கிடைக்காவிட்டாலும் வேப்பமரம் நின்ற இடத்தில் ஒரு வத்தி ஏற்று. தம்பியையும் அழைத்துக்கொண்டு போ. வேண்டாம் என்று சொல்கிறவன்தான் அங்கே முதலில் உடைவான், பார். சென்னையிலிருந்து ரயிலை இப்போதே பதிவு செய்துவிடு, நவம்பரில் கூட்டம் இருக்கும். டைரியின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள், டைரியை வீட்டிலேயே விட்டுப் போ, மழையில் நனைந்துவிடும். வத்தி, தீப்பெட்டி, ஒரு கொட்டாங்கச்சி மறக்காதே. திரும்பி வந்ததும் உன் பூட்டியின் பெயர் என்ன என்று எனக்கு எழுது.