பியூட்டேன் சமன்பாட்டில் ஆறரை ஏன் வருகிறது?

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கிறேன். மீத்தேன், புரொப்பேன் எரியும் சமன்பாடுகள் எனக்குச் சரியாக வந்துவிடுகின்றன. பியூட்டேனுக்குப் போட்டால் மட்டும் ஆக்சிஜனுக்கு முன்னால் ஆறரை வந்து நிற்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: தப்பே இல்லை, கடைசி அடி ஒன்றுதான் பாக்கி.

ஒரு பியூட்டேன் மூலக்கூறில் 4 கார்பன், 10 ஹைட்ரஜன். முதலில் கார்பனை முடியுங்கள்: வலப்பக்கம் 4 கார்பன் டை ஆக்சைடு. அடுத்து ஹைட்ரஜன்: ஒரு நீர் மூலக்கூறுக்கு இரண்டு வேண்டும், ஆக 5 நீர். இப்போது வலப்பக்கத்து ஆக்சிஜன் அணுக்களை எண்ணுங்கள். 8 இங்கே, 5 அங்கே, மொத்தம் 13. ஆக்சிஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்தே வருவதால் ஆறரை மூலக்கூறு. எல்லாக் கெழுக்களையும் (முன்னால் நிற்கும் எண்களை) இரண்டால் பெருக்கினால் முடிந்தது:

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்

ஆக்சிஜனை ஏன் கடைசிக்குத் தள்ளுகிறோம்? இடப்பக்கத்தில் அது தனியாக நிற்கிறது. அதன் கெழுவை எப்படி மாற்றினாலும் கார்பனோ ஹைட்ரஜனோ கலையாது. முதலிலேயே அதைத் தொட்டால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கெடும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அரை வருமா வராதா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள எரிபொருள் என்றால், ஒரு மூலக்கூறுக்கு எத்தனை நீர் கிடைக்கிறது என்று பாருங்கள். மீத்தேனுக்கு 2, புரொப்பேனுக்கு 4. இரட்டைப்படை, அதனால் தொல்லையில்லை. ஈத்தேனுக்கு 3, பியூட்டேனுக்கு 5, ஆக்டேனுக்கு 9, பென்சீனுக்கு 3. ஒற்றைப்படை என்றால் அரை நிச்சயம். கார்பன் டை ஆக்சைடு தரும் ஆக்சிஜன் எப்போதும் இரட்டைப்படைதானே!

இன்னொன்று, வெப்ப வேதியியல் பாடத்தில் அந்த ஆறரையை அப்படியே விட்டுவிட வேண்டும். எரிதல் வெப்பம் ஒரு மோல் எரிபொருளுக்குத்தான் சொல்லப்படுகிறது. பியூட்டேனுக்குச் சுமார் 2,878 கிலோ ஜூல். சமன்பாட்டை இரட்டித்துவிட்டு இதே எண்ணைப் பக்கத்தில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

கெழுவை மாற்றலாம், வாய்பாட்டில் கீழே இருக்கும் சிறிய எண்ணில் மட்டும் கை வைக்காதீர்கள். நீரில் ஒரு ஆக்சிஜனைக் கூட்டினால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு, வேறு பொருள்.

விடையில் சந்தேகம் இருந்தால் நிறையைக் கூட்டிப் பாருங்கள். இடப்பக்கம் பியூட்டேன் 116 கிராம், ஆக்சிஜன் 416 கிராம். வலப்பக்கம் கார்பன் டை ஆக்சைடு 352, நீர் 180. இரண்டு பக்கமும் 532. அதாவது ஒரு கிலோ பியூட்டேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீர். சமையல் கேஸில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேனும் புரொப்பேனும்தான். குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றியதும் அதன் வெளிப்புறம் சற்று நேரம் வியர்க்கிறதே, அதில் இந்த நீரும் உண்டு.

எத்தனால் மாதிரி, எரிபொருளிலேயே ஆக்சிஜன் இருந்தால், வலப்பக்கத்து மொத்தத்திலிருந்து அதைக் கழித்துவிட்டு அப்புறம் இரண்டால் வகுங்கள். எத்தனாலுக்கு 2 கார்பன் டை ஆக்சைடு, 3 நீர்; வலப்பக்கத்து ஆக்சிஜன் 7-இல் 1 போக 6, ஆக 3 ஆக்சிஜன்.